தோல்விக்குக் கைதட்டிய வெர்டெல்

வெர்டெல் டப்ஸ் எனக்கு இரண்டாயிரத்து அறுநூறு டாலர் தர வேண்டியிருந்தது. டொலீடோ கிளாஸ்மென் கூடைப்பந்து அணியின் சீசன் டிக்கெட்டில் அவனுடைய பாதி, இரண்டு வருஷத்துக்கு. மேல் அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. டிக்கெட் என் பெயரில் இருந்தது. அவன் பெயரில் இருந்திருந்தால் முதல் வருஷமே அணிக்காரர்கள் சீட்டைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.

நான் கடன் கொடுத்துப் பழகியவன் இல்லை, வாங்கியும் பழகியவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஒரு வாளி, நாலு பழைய துண்டு, பக்கத்து வீட்டுக்காரனின் தண்ணீர்க் குழாய், இவ்வளவுதான் என் முதல். இன்றைக்கு டொலீடோவில் மூன்று இடத்தில் 'ஹாலிஸ் கார் வாஷ்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். மூன்றிலும் நிலம் என்னுடையது. மேயர் வந்தாலும் காசு கொடுத்த பிறகுதான் சாவி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவனிடமே ஒருவன் இரண்டு வருஷம் பாக்கி வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் பாப்கார்னையும் தின்றான் என்றால், அவனைப் பற்றி எழுதி வைக்கத்தான் வேண்டும்.

வெர்டெல் ஜீப் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கதவு மாட்டினான். அவன் மாட்டிய கதவு கழன்று விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தொழிற்சாலையில் ஒரு கதவை மாட்டி அனுப்பினால்தான் அடுத்த வண்டி வந்து நிற்கும், முடிக்காமல் விட வழியில்லை. வீட்டில் அப்படி எதுவும் வந்து நிற்கவில்லை. அதனால் வீட்டில் அவன் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டான்.

ஓய்வு பெற்றதும் அவன் மனைவி ஒடெஸா, சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றித் தரச் சொன்னாள். அவ்வளவுதான் கேட்டாள். வெர்டெல் குழாயைப் பார்த்தான், குழாய்க்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான், ஒட்டுப்போடும் வேலையெல்லாம் நமக்கு வேண்டாம், அடியிலிருந்து தொடங்கலாம் என்றான். சிங்க் போயிற்று, அடுப்பு போயிற்று, சுவரும் போயிற்று. ஓக் மரத்தில் புது அலமாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தான். அவை அட்டைப்பெட்டிகளில் வந்து கார் ஷெட்டில் உட்கார்ந்தன. ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தன. அந்த ஆறு வருஷமும் ஒடெஸா பேஸ்மென்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கரன்ட் அடுப்பை வைத்துச் சமைத்தாள். பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் அவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெர்டெலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் கோட்டிலிருந்து பொரித்த கெளுத்தி மீன் வாசனை வரும். பிரசங்கம் காதில் ஏறாது, பசிதான் ஏறும்.

இப்படிப்பட்டவன் கையில்தான் எங்கள் அணியின் மறுகட்டுமானம் வந்து சிக்கியது.

கிளாஸ்மென் என்று பெயர் வைத்தது எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலைகளை நினைத்து. மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை வைத்து எங்களை எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நாங்கள் கோப்பை வாங்கியதே கிடையாது. இருந்தாலும் ஹார்லன் ஓக்ஸ் என்று, கூடைக்கு அடியில் நின்று காக்கும் ஒரு சென்டர் எங்களிடம் இருந்தான். ஒன்பது வருஷம் எங்களுக்காக ஆடினான். முழங்கால் இரண்டும் தேய்ந்து, மாடிப்படி ஏறக்கூடத் திணறியவன், எதிராளி பந்தோடு வந்தால் மட்டும் எங்கிருந்தோ முளைத்துத் தட்டிவிடுவான். அவன் இருந்தவரை நாங்கள் பாதி ஆட்டம் ஜெயித்தோம், பாதி தோற்றோம். எனக்கு அது போதும். கார் வாஷிலும் பாதி நாள் மழைதான்.

அப்போதுதான் அணிக்குப் புது மேனேஜர் வந்தான், டிரென்ட் ஆஷ்வொர்த். முப்பத்து நாலு வயசு, கணக்கில் இரண்டு பட்டம், காலில் சாக்ஸ் கிடையாது. டொலீடோவின் ஜனவரியில் சாக்ஸ் இல்லாமல் திரிகிறவனை நம்பி ஒரு சைக்கிளைக்கூட நான் கொடுக்க மாட்டேன். அணியைக் கொடுத்தார்கள். அவன் முதல் வாரமே ஹார்லன் ஓக்ஸை விற்றான். பதிலுக்கு ஆள் யாரும் வரவில்லை. வரப்போகும் வருஷங்களில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் வந்தது. எங்கள் லீக்கில் வழக்கம் அப்படி. கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருஷாவருஷம் வரும் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். வரிசையில் முதலில் யார் என்பதற்கு, எண் போட்ட சின்னப் பந்துகளை வைத்து ஒரு குலுக்கல். யார் அதிகம் தோற்றார்களோ அவர்களுக்குக் குலுக்கலில் அதிகப் பந்து. அதாவது கடையை எவன் மோசமாக நடத்துகிறானோ அவனுக்கு நல்ல சரக்கு. நான் இந்த முறையில் கார் கழுவியிருந்தால் இன்றைக்கு மூன்று ஊரில் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆஷ்வொர்த் டிவியில் வந்து, அணியை அஸ்திவாரம் வரை பிரித்துவிட்டு மறுபடி கட்டப்போகிறோம், ரசிகர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்றான். 'பொறுமை' என்று நெஞ்சில் அச்சடித்த பனியனை அரங்கத்தில் முப்பத்தைந்து டாலருக்கு விற்றார்கள். வெர்டெல் இரண்டு வாங்கினான். அந்தப் பேச்சைக் கேட்டபோது அவன் முகத்தை நான் பார்த்தேன். நாலு வருஷமாக ஊரே அவனைக் கிறுக்கன் என்றிருந்தது. இப்போது கோட் போட்ட ஒருவன், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன், அவன் வாயில் இருந்ததை அப்படியே எடுத்துப் பேசுகிறான்.

அந்த சீசனிலிருந்து வெர்டெல் தோல்விக்குக் கைதட்ட ஆரம்பித்தான்.

எதிரணி கூடையில் போட்டால் எழுந்து நின்று தட்டுவான். நம் ஆள் ஒருவன் தவறிப்போய் நன்றாக ஆடிவிட்டால், "டேய், எதிர்காலத்தைக் கெடுக்காதடா" என்று மேல் அடுக்கிலிருந்து கத்துவான். நம் பக்கம் கைதட்டிய ஒரு குடும்பத்தைத் திரும்பிப் பார்த்து, விவரம் தெரியாமல் தட்டாதீர்கள் என்று பாடம் எடுத்தான். அவர்கள் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தவர்கள். ஏதோ தப்பான அரங்கத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்கள். நான் காசு கொடுத்துத் தோல்வி பார்க்கிறவன் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நம் அணி ஜெயிக்க வேண்டும் என்று கத்தினேன், பக்கத்தில் அவன் தோற்க வேண்டும் என்று கத்தினான். பாப்கார்ன் மட்டும் பொது.

பாக்கியும் அப்போதுதான் ஆரம்பித்தது. பென்ஷன் வரவில்லையா என்றால், வந்தது. குளியலறையைப் பிரிப்பதற்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வருஷம் பணம் கேட்டபோது, மறுகட்டுமான காலத்தில் கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது தப்பு என்றான். இரண்டாவது வருஷம் கேட்டபோது ஒரு பேரம் பேசினான். அவனுடைய பனி தள்ளும் மெஷினை அடுத்த இரண்டு குளிர்காலம் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு. அதோடு, ஒடெஸா ஈஸ்டருக்குச் சுடும் பன்றித்தொடையில் வரும் வருஷத்துப் பங்கு ஒன்று. ஆஷ்வொர்த் ஹார்லன் ஓக்ஸை விற்ற மாதிரியே, வரப்போவதைக் காட்டி இருப்பதை வாங்கப் பார்த்தான். அந்த மெஷின் ஓடி நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். பிரித்துப் போட்டதே அவன்தான்.

நான் ஒரே பேச்சாகச் சொன்னேன். ஜூன் முதல் வெள்ளிக்கிழமை டிக்கெட் புதுப்பிக்கும் கடைசி நாள். அதற்குள் முழுப் பாக்கியும் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அவன் சீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன்.

நான் எதிர்பார்த்தது சண்டை. அவன் சண்டை போடவில்லை. கீழே ஆடுகளத்தைக் கை காட்டினான்.

"அந்த லூசியானா பையன் வர்றப்ப நான் இந்த சீட்டுல இருக்கணும் ஹாலிஸ்," என்றான். "இருபத்திரண்டு வருஷமா இதுல உக்காந்துதான் எல்லா அடியும் வாங்கியிருக்கேன். நல்ல நாள் வர்றப்ப வேற எவனோ இதுல உக்காந்து நாச்சோ தின்னுட்டு இருந்தா, அது நியாயமா?"

நியாயம் இல்லைதான். ஆனால் நியாயத்தை நம்பியா நான் மூன்று கடை வைத்தேன்.

லூசியானா பையன் என்று அவன் சொன்னது கைலன் பூட்ரோவை. பத்தொன்பது வயசு, ஏழடி உயரம், பறவை மாதிரி ஓடுவான். அந்த வருஷம் முதல் தேர்வு யாருக்கோ அவன் அவர்களுக்கு. சீசன் முடிய ஓர் ஆட்டம் பாக்கி இருந்தபோது, லீக்கிலேயே கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள் சரிசமமாகப் போட்டியிட்டன. ஒன்று நாங்கள், இன்னொன்று ஓமஹா. அந்தக் கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும் இடையில், எங்கள் அரங்கத்தில். யார் தோற்கிறார்களோ அவர்களுக்குத்தான் குலுக்கலில் அதிகப் பந்து.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு முதுகுவலி வந்துவிட்டது. கோட்டும் சூட்டும் போட்டு வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் இருந்தவர்கள் பெயர் அறிவிப்பாளருக்கே வாயில் நுழையவில்லை. ஓமஹாக்காரன் ஒருவன் கூடைக்கு நேர் கீழே நின்று, தடுக்க ஆளில்லாமல், பந்தை வெளியே எறிந்தான். எங்கள் ஆள் அதைப் பிடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். இருபதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஐயாயிரம் பேர் இருந்தோம். அதில் பாதிப் பேர் வெர்டெல் மாதிரி பொறுமைப் பனியன் போட்டு எதிரணிக்குக் கைதட்டினார்கள். வெர்டெல் இரண்டு பனியனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தான்.

இந்தத் திட்டம் ஒரே ஒருவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் அவன் சட்டை செய்யவில்லை. லாமார் ஃபிஞ்ச். ஆள் பற்றாக்குறைக்காகப் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்த பையன். அதற்கு முந்தின வாரம் வரை இண்டியானாவில் சோபா ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. நன்றாக ஆடினால் எவனாவது மறுபடி கூப்பிடுவான், இல்லாவிட்டால் திங்கட்கிழமை சோபா. அவனுக்கு ஏது எதிர்காலத் தேர்வு, குலுக்கல். வந்த பந்தையெல்லாம் கூடையைப் பார்த்து எறிந்தான்.

கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அழகான தோல்வி, கை நீட்டினால் பறித்துவிடலாம். வெர்டெல் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பந்து எப்படியோ லாமார் ஃபிஞ்ச் கைக்குப் போயிற்று. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோச்சே வேண்டாம் என்கிற மாதிரி கையை உயர்த்தினார். பையன் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, விழுந்துகொண்டே எறிந்தான்.

பந்து காற்றில் இருந்தபோது என் பக்கத்தில் ஏதோ எழுந்தது. திரும்பிப் பார்த்தால் வெர்டெல். சீட்மேலேயே ஏறி நிற்கிறான். இரண்டு கையையும் மேலே தூக்கி, தொண்டை கிழிய, "விழு, விழு, விழுடா கண்ணா" என்று கத்துகிறான்.

விழுந்தது.

வெர்டெல் என்மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தான். என் பீர் என் மேலேயே கொட்டியது. ஆட்டத்தை ஜெயித்த பையன் கீழே தனியாகக் குதித்துக்கொண்டிருந்தான், கூட ஆடியவர்கள் செத்த வீட்டில் நிற்பது மாதிரி நின்றார்கள். மேல் அடுக்கில் என் பக்கத்துக் கிழவன் மட்டும் மறுபடி சீட்மேல் நின்று அழுதுகொண்டே கைதட்டினான். பிறகு கை மெதுவாக நின்றது. வெர்டெல் சீட்டிலிருந்து இறங்கி உட்கார்ந்தான்.

"ஹாலிஸ், நான் கத்துனேனா?"

"கத்துன."

"என்னன்னு கத்துனேன்?"

"விழுன்னு."

"யாராவது கேட்டிருப்பாங்களா?"

"ஓமஹாவுல கேட்டிருக்கும்," என்றேன். இரண்டு வருஷத்தில் அவன்மேல் எனக்கு நல்ல எண்ணம் வந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பாக்கியில் கழித்துக்கொள்வான்.

மே மாதக் குலுக்கலில் ஓமஹா முதலில் வந்தது. பூட்ரோ அவர்களுக்குப் போவது உறுதி. எங்களுக்கு ஆறாவது இடம். ஆஷ்வொர்த் டிவியில் வந்து, இதுவும் திட்டத்தில் சேர்ந்ததுதான் என்றான். பனியன் விலை நாற்பது டாலர் ஆயிற்று. ஊரில் எல்லாரும் லாமார் ஃபிஞ்ச்சைத் திட்டினார்கள். வெர்டெல் திட்டவில்லை. தான் கத்தியதால்தான் பந்து உள்ளே போயிற்று என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். இருபத்திரண்டு வருஷமாக அவன் கத்தி எந்தப் பந்தும் உள்ளே போனதில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். அதனால்தான் இது தன்மேல் உள்ள பழி என்றான். வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

நான் சொன்ன சொல் தவறாதவன். பணம் வரும் வழி தெரியவில்லை, அதனால் கெடு நெருங்கும்போதே மூன்று கார் வாஷிலும் பலகை வைத்தேன்: கிளாஸ்மென் சீசன் டிக்கெட், ஒரு சீட், உடனே கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் விற்றுக் காட்டுகிறேன் என்று வேலைக்காரர்களிடம் சொன்னேன். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு பல் டாக்டர் மட்டும் வந்து விசாரித்தார். மற்ற ஊரின் நல்ல அணிகள் வரும் நாளுக்கு மட்டும் சீட் கிடைக்குமா என்றார். சீட்டோடு வருஷம் முழுக்கக் கார் கழுவுவது இலவசம் என்று எழுதினேன். கார் கழுவுவதை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று நாலு பேர் கேட்டார்கள்.

ஜூன் முதல் வெள்ளி காலை, டோர் தெருக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒடெஸா உள்ளே வந்தாள், சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்னால் வெர்டெல், தலைமுடியில் சுண்ணாம்புத் தூளோடு.

"பிரதர் ஹாலிஸ், வாசல்ல ஒரு போர்டு பார்த்தேன்," என்றாள். "எத்தனை பேர் வந்தாங்க?"

நிறையப் பேர் விசாரிக்கிறார்கள் என்றேன்.

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு சொல்லில் என் மூன்று கடையும் ஒரு வாளியாகச் சுருங்கிப்போயின. பையைத் திறந்தாள். "கையை நீட்டுங்க."

மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.

"மேஜைக்கிட்டயா கடன் வாங்குனாரு? கையை நீட்டுங்க."

நீட்டினேன். எல்லாம் நூறு டாலர் நோட்டு. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். எங்கிருந்து வந்தது என்று நான் வெர்டெலைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். கார் ஷெட்டில் இருந்த ஓக் அலமாரிகளை, பெட்டி பிரிக்காமல், பெரிஸ்பர்க் பக்கம் புது வீடு கட்டும் ஒரு ஜோடிக்கு விற்றுவிட்டாள். நாலாயிரம் டாலர். அவர்களே லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார்களாம். அந்தப் பையன் போன மாசமே அஸ்திவாரம் போட்டு இந்த மாசம் கூரை போட்டுவிட்டானாம். இதைச் சொல்லும்போது அவள் புருஷனைப் பார்க்கவில்லை. வெர்டெல் என் காலண்டரைப் பார்த்தான்.

இரண்டாயிரத்து அறுநூறு வந்தது. நான் விரலை மடக்கப் போனேன்.

"மூடாதீங்க. அடுத்த வருஷத்தோடதும் இருக்கு."

மறுபடி எண்ணத் தொடங்கினாள். நான் அவளிடம் கேட்கவே கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டேன். ஆறு வருஷமாக பேஸ்மென்டில் சமைக்கிறவள், இந்தப் பணத்தில் ஓர் ஆளை வைத்துச் சமையலறையை முடித்திருக்கலாமே, எதற்கு இந்த உருப்படாத அணிக்கு என்றேன்.

"ஆறு மணிக்குப் போனா பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு," என்றாள். "அந்த நேரத்துலதான் என் வீட்டுல யாரும் எதையும் இடிக்கறதில்ல. பேசாம இருங்க, எண்ணிக்கை தப்பும்."

வெர்டெல் தொண்டையைக் கனைத்தான். ஆறாவது இடம் ஒன்றும் மோசமில்லை ஹாலிஸ் என்றான். செர்பியாவில் ஒரு பையன் இருக்கிறானாம். இன்னும் ஓடத்தான் சரியாக வரவில்லையாம், ஆனால் கை நீளத்தைப் பார்த்தால் மலைத்துப்போவேனாம். மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு.

ஒடெஸா தலையைத் தூக்கவில்லை. முப்பத்தெட்டாவது நோட்டை வைத்தாள். முப்பத்தொன்பதாவதை விரித்து, வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.